எந்த மீன்? ஆங்கிலத்தின் 'தி' எங்கே வரும், எங்கே வராது

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானோர் வேலை முடித்து நேராக வருகிறவர்கள். துறைமுகத்துச் சரக்கு அலுவலகங்களில் கணக்கு எழுதுகிறவர்கள், செவிலியர் படிப்பு முடித்தவர்கள், வளைகுடா நாட்டு வேலைக்கு நேர்காணலை எதிர்பார்த்திருப்பவர்கள். இவர்களுக்குக் கடைசி வரை பிடிகொடுக்காமல் நிற்பது இறந்தகாலமும் அல்ல, எழுத்துக்கூட்டலும் அல்ல. 'தி' என்கிற ஒற்றைச் சொல். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் சொல் இதுதான். எந்த ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தாலும் நூறு சொற்களில் சுமார் ஐந்தாறு இதுவாகவே இருக்கும்.

என்னிடம் படித்த பெண் ஒருவர் நேர்காணலுக்குப் போயிருந்தார். முன்பு எங்கே வேலை செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஐ ஒர்க்ட் இன் தி ஷிப்பிங் கம்பெனி" என்றார். எதிரில் இருந்தவர் "விச் ஒன்?" என்று கேட்டார். தம் அனுபவத்தையே சந்தேகப்படுகிறார்கள் என்று நினைத்து அந்தப் பெண் தடுமாறிவிட்டார். அடுத்த மூன்று பதில்களும் தொண்டையைத் தாண்டவில்லை. கேட்டவர் சந்தேகப்படவே இல்லை. 'தி ஷிப்பிங் கம்பெனி' என்றால் "உங்களுக்குத் தெரியுமே, அந்தக் கப்பல் கம்பெனி" என்று பொருள். தனக்குத் தெரியாததால் அவர் கேட்டார், அவ்வளவுதான். 'எ ஷிப்பிங் கம்பெனி' என்றிருந்தால் பேச்சு வழுக்கிக்கொண்டு போயிருக்கும்.

இது நம் மந்தபுத்தியால் வரும் பிழை அல்ல. வடசென்னைத் தெருக்களில் தமிழ் கேட்கிறது, தெலுங்கு கேட்கிறது, உருது கேட்கிறது, சவுகார்பேட்டைக்குப் போனால் இந்தியும் கேட்கிறது. இந்த நான்கில் ஒன்றில்கூட 'தி' போல ஒரு தனிச்சொல் கிடையாது. ஆனால் அந்தச் சொல் செய்யும் வேலையை நாம் நாள் முழுவதும் வேறு வழியில் செய்துகொண்டுதான் இருக்கிறோம். அதை முதலில் கண்டுபிடித்துவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். (இந்தக் கட்டுரையில் ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுப் படியுங்கள்.)

முதல் படி: மீனா, மீனையா?

காசிமேட்டில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம் சூடு பிடித்துவிடும். கூடைகளுக்கு நடுவே நடந்துபோய் ஒரு மீன்கார அக்காவின் முன்னால் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "வஞ்சிரம் வேண்டும் அக்கா" என்கிறீர்கள். அவர் ஒன்றை எடுத்துக் காட்டுகிறார். செவுளைத் தூக்கிப் பார்க்கிறீர்கள், சிவப்பாக இருக்கிறது. விலை படிகிறது. இப்போது என்ன சொல்வீர்கள்? "வஞ்சிரத்தை வெட்டிக் கொடுங்கள்."

முதலில் 'வஞ்சிரம்', பிறகு 'வஞ்சிரத்தை'. அந்த 'ஐ' எங்கிருந்து வந்தது? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் வாக்கியத்தில் எந்த மீன் என்று உங்களுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. இரண்டாவதில் இருவர் கண்ணும் ஒரே மீன் மேல் இருக்கிறது. இந்த வேறுபாட்டைத் தமிழ் ஒரு வேற்றுமை உருபில் வைத்திருக்கிறது. ஆங்கிலம் அதையே ஒரு தனிச்சொல்லாகப் பெயருக்கு முன்னால் வைக்கிறது. "ஐ வாண்ட் எ ஃபிஷ்." பிறகு, "ப்ளீஸ் கட் தி ஃபிஷ்."

எனவே 'தி' போடலாமா என்று தயங்கும்போது இலக்கண விதியைத் தேடாதீர்கள். கேட்கிறவர் இடத்தில் நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் எதைச் சொல்கிறேன் என்று இவருக்குத் தெரியுமா? தெரியும் என்றால் 'தி'. எனக்குத் தெரிவது கணக்கில்லை. கேட்கிறவருக்குத் தெரிய வேண்டும். நேர்காணலில் அந்தப் பெண் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான். எந்தக் கம்பெனி என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எதிரில் இருந்தவருக்குத் தெரியாது.

இரண்டாம் படி: தமிழிலேயே சோதித்துப் பார்ப்பது

இரண்டு சோதனைகள் வைத்திருக்கிறேன். ஒன்று, மேலே சொன்ன 'ஐ' சோதனை. சொல்ல நினைப்பதைத் தமிழில் சொல்லுங்கள். "புத்தகம் வாங்கினேன்" என்று வந்தால் 'தி' வேண்டாம். "புத்தகத்தை வாங்கிவிட்டேன்" என்று வந்தால், எந்தப் புத்தகம் என்று ஏற்கெனவே பேசியாகிவிட்டது, 'தி' போடுங்கள். "கதவைச் சாத்து" என்போம், "கதவு சாத்து" என்று சொல்ல மாட்டோம். ஆங்கிலத்திலும் அது "ஷட் தி டோர்" தான்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு, அதை மறைக்கக் கூடாது. மனிதர்களைப் பற்றிப் பேசும்போது தெரிந்தவரோ தெரியாதவரோ 'ஐ' ஒட்டியே ஆக வேண்டும்: "பஸ்ஸில் ஒரு பையனைப் பார்த்தேன்." இங்கே 'ஐ' இருந்தாலும் ஆங்கிலத்தில் 'எ பாய்' தான். தவிர, 'ஐ' செயப்படுபொருளோடு மட்டுமே வரும். எழுவாய்க்கு உதவாது.

எழுவாய்க்காகத்தான் இரண்டாவது சோதனை: பெயருக்கு முன்னால் 'ஒரு' சேர்த்துப் பாருங்கள். "பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் சில்லறை கேட்டார்." இதில் "ஒரு கண்டக்டர் சில்லறை கேட்டார்" என்று மாற்றிச் சொல்லுங்கள். காது ஏற்கவில்லை அல்லவா? அந்த பஸ்ஸில் ஏழெட்டுக் கண்டக்டர்கள் இருந்தது போல ஒலிக்கிறது. 'ஒரு' உறுத்தினால் ஆங்கிலத்தில் 'தி': "ஐ காட் ஆன் எ பஸ். தி கண்டக்டர் ஆஸ்க்ட் ஃபார் சேஞ்ச்." 'ஒரு' இயல்பாகப் பொருந்தினால் 'எ' அல்லது 'ஆன்'. எண்ணக்கூடிய ஒருமைப் பெயர்களுக்கு இந்தச் சோதனை அநேகமாக ஏமாற்றாது. ஆட்களின் பெயர், ஊர்ப்பெயர் ஆகியவற்றில் மட்டும் இதை வைக்காதீர்கள்; அவற்றுக்குத் தனியாக ஒரு படி இருக்கிறது.

ஒரு விலகல். பலர் 'தி' என்றால் 'அந்த' என்று மனப்பாடம் செய்திருக்கிறார்கள். வேர் என்னவோ அதுதான்; பழைய ஆங்கிலத்தில் சுட்டுச் சொல்லாக இருந்ததுதான் தேய்ந்து 'தி' ஆனது. ஆனால் இன்று இரண்டும் ஒன்றல்ல. 'தி சன்' என்பதை 'அந்தச் சூரியன்' என்று யாரும் சொல்வதில்லை. மொழிபெயர்ப்புகளில் 'தி' வந்த இடமெல்லாம் 'அந்த' போட்டுத் தமிழைக் கெடுத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கும். விரலால் சுட்ட வேண்டிய இடத்தில் 'தட்'. சுட்டாமலே தெரிகிற இடத்தில் 'தி'.

மூன்றாம் படி: கேட்கிறவருக்கு எப்படித் தெரியும்?

முன்பே சொல்லியிருந்தால் தெரியும். இதை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்கிறது: முதல் முறை 'எ', அடுத்த முறை 'தி'. கண்ணெதிரே இருந்தாலும் தெரியும்: "பாஸ் தி சால்ட்." உலகத்துக்கே ஒன்றுதான் என்றாலும் தெரியும்: தி சன், தி மூன், தி ஸ்கை. 'முதல்', 'கடைசி', 'மிகப் பழைய' போன்ற சொற்கள் வந்தால் அங்கே ஒன்றுதான் இருக்க முடியும், ஆகவே 'தி'. ராயபுரம் இதற்கு நல்ல சான்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. "ராயபுரம் வாஸ் தி ஃபர்ஸ்ட் ரெயில்வே ஸ்டேஷன் இன் சவுத் இந்தியா." இதில் 'தி'யை விட்டால் வாக்கியம் நொண்டும்.

பாடப்புத்தகங்கள் அவசரமாகத் தாண்டிப் போவது கண்டக்டர் வாக்கியத்தில் பார்த்த வகையை. ஒன்றைச் சொன்னதும் அதோடு ஒட்டியவை எல்லாம் தெரிந்தவையாகிவிடுகின்றன. கல்யாண மண்டபம் என்றதும் மேடை, சமையல்காரர், பெண்ணின் அப்பா எல்லாரும் மனத்துக்குள் வந்துவிடுகிறார்கள். முன்பு ஒருமுறைகூடச் சொல்லாவிட்டாலும் 'தி ஸ்டேஜ்', 'தி குக்', 'தி பிரைட்ஸ் ஃபாதர்' தான். 'முதல் முறை எ' என்று மட்டும் படித்தவர்கள் இங்கே "எ குக் வாஸ் ஆங்ரி" என்று எழுதிவிடுகிறார்கள்.

பின்னால் ஒரு விளக்கம் வந்து எது என்று காட்டிக்கொடுப்பதும் உண்டு. "தி போட் தட் கேம் திஸ் மார்னிங்", அதாவது காலையில் வந்த படகு. ஆனால் விளக்கம் இருந்தாலே 'தி' என்று முடிவு கட்டாதீர்கள். காலையில் நாற்பது படகு வந்து, அதில் ஏதோ ஒன்றைச் சொல்கிறீர்கள் என்றால் 'எ போட் தட் கேம் திஸ் மார்னிங்' தான் சரி. மறுபடியும் அதே கேள்விதான்: எந்தப் படகு என்று அவருக்குத் தெரியுமா?

நான்காம் படி: பொதுவாகப் பேசும்போது கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

'தி'யை விட்டுவிடுவதை விட, வேண்டாத இடத்தில் போடுவதுதான் என் வகுப்பில் அதிகம். கொஞ்சம் ஆங்கிலம் வந்ததும் எல்லாப் பெயருக்கும் 'தி' சூட்டினால் மரியாதையாக இருக்கும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. "தி லைஃப் இஸ் டிஃபிகல்ட்", "தி நேச்சர் இஸ் பியூட்டிஃபுல்", "ஐ லைக் தி டீ." மூன்றும் பிழை.

எண்ண முடியாத பொருளையோ பன்மையையோ மொத்தமாக, பொதுவாகச் சொல்லும்போது 'தி' கூடாது. "மீன் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது" என்கிறோம். இங்கே எந்த மீன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். "ஃபிஷ் இஸ் குட் ஃபார் ஹெல்த்." தமிழிலும் இங்கே 'மீனை' என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? ஆனால் "குழம்பில் இருக்கிற மீன் உப்புக் கரிக்கிறது" என்றால் அது உங்கள் வீட்டுச் சட்டியில் இருக்கிற மீன்: "தி ஃபிஷ் இன் தி கறி இஸ் டூ சால்ட்டி."

பன்மையிலும் இதே கதை. "ஃபிஷர்மென் ஒர்க் ஹார்ட்" என்றால் மீனவர்கள் என்கிற எல்லா மக்களும். "தி ஃபிஷர்மென் ஆர் அட் ஹோம்" என்றால் நாம் பேசிக்கொண்டிருக்கிற இந்தக் குறிப்பிட்ட மீனவர்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. அந்த நாட்களில் காசிமேட்டில் 'தடை' என்றாலே எது என்று குழந்தைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் சொன்னால் 'தி பேன்'. ஊருக்கே தெரிந்த ஒன்றுக்கு 'தி' இப்படித்தான் வந்து உட்காரும்.

மொழிப்பெயரிலும் இதைக் கவனியுங்கள். "ஐ ஸ்பீக் தமிழ்." 'தி தமிழ்' கிடையாது. ஆனால் 'லாங்குவேஜ்' என்ற சொல் பின்னால் வந்தால் 'தி தமிழ் லாங்குவேஜ்'. இதற்கு நேர்மாறாக, 'தி ரிச்', 'தி புவர்', 'தி ஓல்ட்' என்று பண்புச்சொல்லை வைத்து ஒரு கூட்டத்தையே குறிக்கும்போது 'தி' கட்டாயம்.

"தி ஆலிவ் ரிட்லி கம்ஸ் அஷோர் டு லே எக்ஸ்" என்று நம் கடற்கரைக்கு முட்டையிட வரும் ஆமையைப் பற்றி ஒருமையில் 'தி' போட்டு எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஓர் இனத்தை ஒற்றை உருவமாக நிறுத்திப் பேசும் நடை அது. படித்தால் புரிந்துகொள்ளுங்கள், எழுதும்போது இப்போதைக்குப் பன்மையே போதும்.

ஐந்தாம் படி: கடலுக்குப் போவதும் கடலுக்குப் போவதும்

இந்தப் படியைச் சொல்லிக்கொடுக்கும் நாளுக்காக நான் காத்திருப்பேன். நம் ஊரில் இதைப் புரியவைப்பது போல வேறெங்கும் முடியாது.

மீனவர் கடலுக்குப் போகிறார். நாமும் ஞாயிற்றுக்கிழமை மாலை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறோம். தமிழில் இரண்டும் ஒரே சொல். ஆங்கிலத்தில் மீனவர் "கோஸ் டு சீ". நாம் "கோ டு தி சீ". 'தி' இல்லாத கடல் ஒரு தொழில், ஒரு வாழ்க்கை. 'தி' உள்ள கடல், கரையில் நின்று கால் நனைக்கிற அந்த இடம்.

இதைப் பிடித்துக்கொண்டால் ஸ்கூல், காலேஜ், ஹாஸ்பிட்டல், சர்ச், ஜெயில், பெட் எல்லாம் கைக்குள் வந்துவிடும். எந்த வேலைக்காக அந்த இடம் இருக்கிறதோ அதற்காகவே போனால் 'தி' இல்லை. வேறு வேலையாக அந்தக் கட்டடத்துக்குப் போனால் 'தி' வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனை வாசலில் காலையில் நின்று பாருங்கள். தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு ஓர் அம்மா உள்ளே போகிறார். அவருடைய மகன் உள்ளே வார்டில் படுத்திருக்கிறான். மகன் நோயாளி: "ஹி இஸ் இன் ஹாஸ்பிட்டல்." அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பார்க்கத்தான் போகிறார்: "ஷி இஸ் கோயிங் டு தி ஹாஸ்பிட்டல்." ஒரே வாசல், ஒரே கட்டடம். (அமெரிக்கர்கள் மருத்துவமனைக்கு மட்டும் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, நோயாளியையும் 'இன் தி ஹாஸ்பிட்டல்' என்பார்கள். நம் பள்ளிகளில் படிப்பது பிரிட்டிஷ் வழக்கு.)

அப்படியே பிள்ளை "கோஸ் டு ஸ்கூல்". பெற்றோர் கூட்டத்துக்குப் போகிற அப்பா "கோஸ் டு தி ஸ்கூல்".

இந்தச் சலுகை எல்லா இடத்துக்கும் இல்லை. மார்க்கெட், பேங்க், போஸ்ட் ஆபீஸ், பீச், ரேஷன் கடை, டெம்பிள் எல்லாவற்றுக்கும் எந்த நோக்கத்தில் போனாலும் 'தி' உண்டு. "ஐ ஆம் கோயிங் டு டெம்பிள்" என்று நம் ஊரில் சரளமாகச் சொல்கிறோம். எழுதும்போது 'டு தி டெம்பிள்' என்று எழுதுங்கள். வீட்டுக்கு மட்டும் 'தி'யும் இல்லை, 'டு'வும் இல்லை: "ஐ ஆம் கோயிங் ஹோம்."

ஆறாம் படி: ஊர்ப்பெயரும் ஆற்றுப்பெயரும்

பெயர்ச்சொல் விதிகள் ஒரு பக்கத்துக்கு நீளும். மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக நம் பகுதியின் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆள்பெயருக்கும் ஊர்ப்பெயருக்கும் 'தி' இல்லை: ராயபுரம், வியாசர்பாடி, எண்ணூர், சென்னை, இந்தியா. தெருவுக்கும் இல்லை: மின்ட் ஸ்ட்ரீட். ஆள்பெயரோ ஊர்ப்பெயரோ முன்னால் ஒட்டிய கட்டடம், நிலையம், கல்லூரிக்கும் பெரும்பாலும் இல்லை: ராயபுரம் ஸ்டேஷன், ஸ்டான்லி ஹாஸ்பிட்டல். ஸ்டான்லி என்பது சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவரின் பெயர். தனிப்பெயர் முன்னால் நின்று அடையாளம் காட்டிவிட்டதால் 'தி'க்கு அங்கே வேலை இல்லை.

பெயர் பொதுச்சொற்களாலேயே ஆனது என்றால் 'தி' வந்துவிடும். பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ரயில்பெட்டித் தொழிற்சாலை 'தி இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி'. மூன்று சொல்லும் விவரிப்பு, தனிப்பெயர் ஒன்றும் இல்லை. 'ஹை கோர்ட்' என்பதும் அப்படியே 'தி ஹை கோர்ட்'. மெரினாவில் இரண்டையும் பார்க்கலாம்: தனியாகச் சொன்னால் 'தி மெரினா', பீச் சேர்த்தால் 'மெரினா பீச்'.

தண்ணீருக்கு வருவோம். ஓடும் நீரும் பெருங்கடலும் 'தி' கேட்கும்: தி கூவம், தி கொசஸ்தலையாறு, தி பக்கிங்ஹாம் கெனால், தி பே ஆஃப் பெங்கால். ஏரி கேட்காது: புலிகாட் லேக். தனி மலைக்கும் இல்லை, மலைத்தொடருக்கு உண்டு: எவரெஸ்ட், ஆனால் தி ஹிமாலயாஸ்.

நாடுகளில், பெயருக்குள் ஸ்டேட்ஸ், கிங்டம், எமிரேட்ஸ் போன்ற பொதுச்சொல் இருந்தாலோ பெயரே பன்மையாக இருந்தாலோ 'தி': தி யுனைடெட் ஸ்டேட்ஸ், தி மால்டீவ்ஸ், தி பிலிப்பீன்ஸ். நம் துறைமுகத்திலிருந்து கப்பல் போகிற அந்தமானும் பன்மைதான்: தி அந்தமான்ஸ். வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: 'இன் துபாய்', ஆனால் 'இன் தி கல்ஃப்', 'இன் தி யூ ஏ இ'.

அந்தச் சுருக்கெழுத்துப் பெயர்களில் ஒரு நுணுக்கம் உண்டு. எழுத்தெழுத்தாகச் சொன்னால் பொதுவாக 'தி': தி ஐ சி எஃப், தி சி பி ஐ. ஒரே சொல்லாக உச்சரித்தால் இல்லை: நாசா, நேட்டோ. திருவொற்றியூரைத் தாண்டி விம்கோ நகர் இருக்கிறதே, அந்த 'விம்கோ'வும் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்கிற தீப்பெட்டிக் கம்பெனியின் சுருக்கம்தான். முழுப்பெயருக்கு 'தி' போடலாம், 'விம்கோ' என்று சுருங்கியதும் அது போய்விடும். எழுத்தெழுத்தாகச் சொன்னாலும் கம்பெனிகளுக்கும் கல்லூரிகளுக்கும் 'தி' போடும் வழக்கம் இல்லை: டி வி எஸ், ஐ ஐ டி.

செய்தித்தாளுக்கு விதி தேட வேண்டாம். தன் பெயரை அது எப்படி அச்சடிக்கிறதோ அப்படியே. 1878இல் சென்னையில் தொடங்கியது 'தி ஹிந்து'. பேப்பர் கடையில் அதன் பக்கத்தில் தொங்குவது வெறும் 'டெக்கான் கிரானிக்கிள்'.

கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டியவை

சில இடங்களில் காரணம் தேடினால் நேரம்தான் போகும். இன் தி மார்னிங், இன் தி ஈவினிங். ஆனால் அட் நைட். பை பஸ், பை டிரெய்ன், பை மெட்ரோ. ஆனால் "ஐ டுக் தி மெட்ரோ". சாப்பாட்டு வேளைக்கு இல்லை: ஆஃப்டர் லன்ச். விளையாட்டுக்கு இல்லை: பிளே கேரம், பிளே ஃபுட்பால். இசைக்கருவிக்கு உண்டு: பிளே தி வயலின். எண் பின்னால் வந்தால் இல்லை: பிளாட்ஃபார்ம் த்ரீ, ரூம் டென். லாஸ்ட் வீக், நெக்ஸ்ட் மன்த் இரண்டுக்கும் இல்லை.

'சேம்' என்ற சொல்லுக்கு முன்னால் அநேகமாக எப்போதும் 'தி' வரும். "ஐ ஹாவ் சேம் டவுட்" என்பது நம்மவர் வாயில் தினமும் வரும் பிழை. "ஐ ஹாவ் தி சேம் டவுட்" என்று இருபது முறை சொல்லிப் பழகுங்கள்.

மை, யுவர், ஹிஸ், திஸ், தட் வந்துவிட்டால் 'தி' அதன் பக்கத்தில் நிற்காது; ஒரு நாற்காலியில் இருவர் உட்கார முடியாது. 'மோஸ்ட் பீப்பிள்' சரி, 'மோஸ்ட் ஆஃப் தி பீப்பிள் இன் மை ஸ்ட்ரீட்' சரி; இரண்டையும் கலந்து 'மோஸ்ட் ஆஃப் பீப்பிள்' என்பது தவறு.

வாயில் எப்படி வர வேண்டும்

'அது' என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் வருகிற தகரம் 'தலை'யில் வரும் தகரம் போல அழுத்தமாக இல்லை. நாக்கு நுனி பல்லை லேசாகத் தொட, காற்று கசிந்து மென்மையாக வருகிறது. ஆங்கில 'தி'யின் தொடக்க ஒலி ஏறத்தாழ அதுதான். நமக்குப் பிறவியிலேயே இருக்கிற ஒலி. சொல்லின் முதலில் வைத்துப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். 'அத' என்று சொல்லத் தொடங்கி அகரத்தை விழுங்கிவிடுங்கள், வந்துவிடும்.

அடுத்த சொல் மெய்யொலியில் தொடங்கினால் 'த' என்று குறுகும்: த பஸ், த போட். உயிரொலியில் தொடங்கினால் இகரம் தெளிவாகக் கேட்கும்: தி ஆட்டோ, தி எக். எழுத்தைப் பார்க்காமல் ஒலியைப் பாருங்கள். 'யூனிவர்சிட்டி' ஆங்கிலத்தில் உயிரெழுத்தில் தொடங்கினாலும் ஒலி யகரம், ஆகவே 'த யூனிவர்சிட்டி'. 'அவர்' என்ற மணிநேரச் சொல் மெய்யெழுத்தில் தொடங்கினாலும் ஒலி உயிர், ஆகவே 'தி அவர்'. இரண்டிலும் அழுத்தம் வேண்டாம். அடுத்த சொல்லோடு ஒட்டிப் போகட்டும்.

வீட்டில் பழகும் முறை

ஆங்கிலச் செய்தித்தாளில் கட்டுரைப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பத்தியை நோட்டில் எழுதுங்கள், 'தி' வரும் இடங்களை எல்லாம் விட்டுவிட்டு. இடைவெளிகூட விடாதீர்கள், எங்கே காணவில்லை என்று கண்டுபிடிப்பதும் பயிற்சியில் சேர்ந்தது. மறுநாள், மூலத்தைப் பார்க்காமல் நிரப்புங்கள். பிறகு ஒப்பிட்டு, தவறிய ஒவ்வோர் இடத்திலும் "படிக்கிறவருக்கு இது எது என்று எப்படித் தெரியும்?" என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். நாளுக்கு ஒரு பத்தி போதும். தலைப்புச் செய்தியை மட்டும் எடுக்காதீர்கள். இடம் மிச்சம் பிடிக்க அங்கே 'தி'யைக் கழற்றிவிடுவார்கள். கடைப் பலகையும் அறிவிப்புப் பலகையும் அப்படித்தான். அவற்றைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு 'தி' இல்லாத ஆங்கிலமே இயல்பாகத் தெரியும்.

இப்போது ஒன்றைச் சேர்ந்தே செய்து பார்க்கலாம். இதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள்:

"நேற்று ராயபுரத்தில் ஒரு வீடு பார்த்தோம். சமையலறை சிறியது. வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை செய்கிறார். வாடகையை ஐந்தாம் தேதி கொடுக்க வேண்டும். தண்ணீர் இரவில்தான் வருகிறது."

வீடு முதல் முறை வருகிறது, 'எ ஹவுஸ்'. ராயபுரத்துக்கு ஒன்றும் வேண்டாம். சமையலறையும் வீட்டுக்காரரும் அந்த வீட்டோடு ஒட்டி வந்தவர்கள்: 'தி கிச்சன்', 'தி ஓனர்'. துறைமுகம் ஊருக்குத் தெரிந்தது: 'தி போர்ட்'. வாடகையில் 'ஐ' இருக்கிறது: 'தி ரென்ட்'. தேதி வரிசையெண்: 'ஆன் தி ஃபிஃப்த்'. இரவு, 'அட் நைட்'.

கடைசி வாக்கியத்துத் தண்ணீரில்தான் வகுப்பு ஒவ்வொரு முறையும் இரண்டாகப் பிரியும். பாதிப் பேர் 'வாட்டர் கம்ஸ் ஒன்லி அட் நைட்' என்பார்கள், பாதிப் பேர் 'தி வாட்டர்' என்பார்கள். இரண்டும் சரி. 'வாட்டர்' என்றால் அங்கே தண்ணீர் என்பது இரவில்தான் கிடைக்கும் என்று பொதுவாகச் சொல்கிறீர்கள். 'தி வாட்டர்' என்றால் அந்த வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர். குடிபோனால் குடத்தோடு விழித்திருந்து நீங்கள் பிடிக்கப்போகிற தண்ணீர்.